காலி வண்டியின் நிறம்

தாழையூர் இரயில்வே பட்டறையின் முற்றத்தில் நின்றிருந்த பழைய சரக்கு வேகன், அதன் கதவில் சரியான நிறம் பூசப்பட்டதற்கு மறுநாள் காலையில், கூரைவரை உப்பு மூட்டைகளால் நிறைந்திருந்தது. அதைக் கண்டவர்களுள் ஒருவரும் மூட்டைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கவில்லை, கல்லுப்பா தூளுப்பா என்றுதான் கேட்டார்கள், கல்லுப்பு என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் எடுத்துவந்தார்கள்.

அந்த வேகன் வேறெங்கோ ஒரு பக்கத் தண்டவாளத்தில் புல் மூடிக் கிடந்து, பட்டறையின் ஆண்டு விழாவுக்காக மீட்டுவரப்பட்டது. வாசலில் மேடை கட்டி அதை ஏற்றி நிறுத்த வேண்டும் என்றும், அது முதன்முதலில் என்ன நிறத்தில் ஓடியதோ அதே நிறத்தில் நிற்க வேண்டும் என்றும் பட்டறை மேலாளர் ஆணையிட்டார். எண் எழுதிய தகடு எப்போதோ கழன்று போயிருந்ததால் அது எந்த ஊர் வேகன், எதை ஏற்றியது, எங்கெல்லாம் போனது என்பது யாருக்கும் தெரியவில்லை. தரைப்பலகைகளின்மேல் கன்னங்கறுப்பாக ஏதோ ஒன்று பிசின்போல் இறுகி மினுங்கியது. பெயின்ட் ஷாப் போர்மேன் சூசைமாணிக்கம் அதைத் தின்னர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து அஞ்சுகம் வந்து வெந்நீர் ஊற்றிக் கழுவினாள், கரைந்து வடிகாலில் ஓடியது. தின்னரில் கரையாமல் நீரில் கரைவது பெயின்ட் அன்று என்று மட்டும் முடிவு செய்துகொண்டு, தன் வேலை நிறத்தோடுதான் என்பதால், அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

அஞ்சுகம் அந்த ஆய்வுக்கூடத்தில் வண்ணப்பூச்சுகளைப் பொறுப்பேற்று முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. பழைய நிறத்தைக் கண்டுபிடிக்க அவள் கையாளும் வழி எல்லோரும் அறிந்தது: வேகனின் உடம்பில் மழையும் வெயிலும் அதிகம் படாத ஓரிடத்தைத் தேர்ந்து, உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவாள், நடுவில் வெறும் இரும்பு தெரியும், இரும்பைச் சுற்றி முதல் நிறம், அதைச் சுற்றி அதற்கு அடுத்த நிறம் என்று வளையம் வளையமாக வண்டியின் வயது விரியும். அந்த வட்டத்தைப் பட்டறையில் ‘கண்’ என்பார்கள். கண் திறந்தவுடன் அதை நம்பிவிடக் கூடாது. மேற்பூச்சுகளுக்குக் கீழே இருட்டில் கிடந்த நிறம் மஞ்சள் பாய்ந்திருக்கும், ஆகையால் அதைச் சில வாரங்கள் வெயில் குடிக்க விட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். அந்த மாதிரியையும் காலை நேரத்தில், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், டியூப் லைட்டை அணைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஆய்வுக்கூடத்து மாதிரி கைக்கு வராமல் ஒரு சொட்டுப் பெயின்ட்கூட எந்த வண்டியின்மேலும் ஏறக் கூடாது. புதிதாகப் பணிக்கு வருபவர்களிடம் அவள், ஒரு நிறம் என்பது ஒரு நாள், பூசிய அன்றைக்கு இருக்கும் நிறம் அடுத்த ஆண்டு அதே நாளில் இருக்காது, எந்த நிறம் வேண்டும் என்று கேட்பது எந்த நாள் வேண்டும் என்று கேட்பதுதான் என்பாள். அவர்கள் அதை ஓர் உவமையாக எடுத்துக்கொண்டு தலையசைப்பார்கள்.

அது உவமை அன்று என்பது உப்பு வந்தபோதுதான் தெரிந்தது. மேல் வளையத்துச் சாம்பல் நிறத்தை அவள் இம்மியும் பிசகாமல் கலந்து கொடுத்தாள். சூசைமாணிக்கம் அதைக் கதவில் மாதிரிக்காகப் பூசினார். விடிந்தபோது, பூசிய கதவின் தாழ்ப்பாளில் சணல் கயிறும் ஈயச் சீலும் தொங்க, உள்ளே உப்பு இருந்தது. பிட்டர் இருதயராஜ் கட்டிங் பிளேயரால் கயிற்றை அறுத்து எறிந்துவிட்டுக் கதவைத் தள்ளினான். பிற்பகலில் மேலாளர் வந்து பார்த்து, இது மிகச் சமீபத்து நிறம், இன்னும் பழையது வேண்டும் என்று சொல்ல, கதவின்மேல் வேறு பூச்சு ஏறியது. ஏறிய மாத்திரத்தில், எடுத்தது போக எஞ்சியிருந்த மூட்டைகள் இல்லாமல் போயின. வீட்டுக்குப் போய்விட்ட உப்பு வீட்டிலேயே இருந்தது. ஆகவே ஊர் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டது: நிறம் பொருந்தினால் சரக்கு வரும், நிறம் மாறினால் மிச்சம் போய்விடும், இரண்டாவது செய்தியிலிருந்து, அடுத்த முறை சீக்கிரம் வர வேண்டும் என்ற பாடத்தையும் அது தானாகவே கற்றுக்கொண்டது.

அடுத்த வளையம் காப்பிப்பொடி நிறம். அதற்கு வந்தது மிளகாய் வற்றல். கதவு திறந்தபோது கிளம்பிய நெடியில் பட்டறையின் எட்டுக் கூடங்களும் தும்மின, குவார்ட்டர்ஸ் தெருக்கள் தும்மின, சங்கு ஊதுபவர் தும்மியதில் அன்றைய சங்கு இரண்டு துண்டாக ஒலித்தது. அதற்குள் ஊர் தனக்கென்று ஒரு முறைமையை வகுத்துக்கொண்டிருந்தது: குவார்ட்டர்ஸ்காரர்கள் முதலில், வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் பிறகு, அதிகாரிகள் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினால் போதும், சாக்குத் தன் சாக்காக இருக்க வேண்டும். தொழிற்சங்கம் இந்த வரிசையை மற்ற ஷிப்டுக்காரர்களுக்கும் பொதுவாக்கக் கோரி வாயிற்கூட்டம் போட்டது. அஞ்சுகத்தின் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த கஸ்தூரி, உப்பும் மிளகாயும் ஊற்றெடுத்த வேகத்தைப் பார்த்து, மாங்காய் மட்டும் விலைக்கு வாங்கி, ஜாடி ஜாடியாக ஊறுகாய் போட்டுவிட்டாள்.

“அடுத்த வளையத்துல நல்லெண்ணெய் வர்ற மாதிரி பாத்துக் கலக்குங்கக்கா,” என்றாள் கஸ்தூரி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

“நான் நிறந்தான் கலக்குறேன், கஸ்தூரி. சரக்கு இல்ல.”

“அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்களும் ஒரு படி உப்பு எடுத்திருக்கலாம். யாரு என்ன சொல்லப் போறா?”

யார் என்ன சொல்வார்கள் என்பது அஞ்சுகத்துக்குத் தெரியும். சொல்லாமலேயே தெரியும், ஏனெனில் அவளுடைய தகப்பனார் அங்கமுத்து, அந்த ஊரில் ஒரு சொல்லாகிப்போன மனிதர். பட்டறையை ஒட்டிய சரக்குக் கொட்டகையில் சீல் வைப்பவராக இருந்தவர் அவர். மூட்டைகள் ஏறி முடிந்ததும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் கயிறு கட்டி, முடிச்சின்மேல் ஈயத்தை வைத்து நெரித்து முத்திரை பதிப்பது அவர் வேலை. அந்த முத்திரைக்குப் பிறகு, உள்ளே சரக்கு இருக்கிறது என்பதற்கு அவர்தான் சாட்சி. சர்க்கரைக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடாக இருந்த ஓர் ஆண்டில், தீபாவளிக்கு முன்னால், அவர் சீல் வைத்து அனுப்பிய சர்க்கரை வண்டி, போய்ச் சேர்ந்த ஊரில் உச்சிப்பொழுதில் அதிகாரிகள் முன்னிலையில் திறக்கப்பட்டது. சீல் உடையவில்லை, கயிறு அறுபடவில்லை, முடிச்சு அவர் முடிச்சு; உள்ளே ஒரு மணிச் சர்க்கரைகூட இல்லை. காலி வண்டிக்குச் சீல் வைத்துவிட்டுச் சரக்கை விற்றுவிட்டார் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை. வேலை போயிற்று. அந்தக் காலி வேகனை விசாரணைக்காகத் திரும்பப் பூட்டி ஓரத் தண்டவாளத்தில் தள்ளினார்கள் என்றும், மாதக்கணக்கில் எறும்புகள் அதை மொய்த்துக்கொண்டு கிடந்தன என்றும் அங்கிருந்து வந்த ஒருவர் சொல்ல, எறும்புகூட ஏமாந்துவிட்டது என்று தாழையூர் சிரித்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன், வயிறு காய்ந்தும் ஏப்பம் விடுபவன், சட்டைப்பையைத் தட்டிக் காட்டுபவன் எல்லோரையும் ஊர் அன்றிலிருந்து ‘காலி வண்டிக்குச் சீல்’ என்றது. அஞ்சுகம் பள்ளிக்கூடத்தில் காலிவண்டி மகளாகப் படித்து, காலிவண்டி மகளாகத் தேர்வெழுதித் தேறி, அதே பட்டறையில் வேலைக்கு வந்தாள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் தெருமுனை டீக்கடையில் விசாரித்துவிட்டு, டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பின. அங்கமுத்து எதையும் மறுத்துப் பேசவில்லை. காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்வதை நிறுத்தினார், அவ்வளவுதான்.

தான் எதற்காக நிறத்தில் இம்மி பிசகாமல் இருக்கிறாள் என்பதை அஞ்சுகம் யாரிடமும் விளக்கியதில்லை. தன் கையெழுத்திட்ட மாதிரி எதுவும் எந்த நாளும் பொய்த்துப் போகக் கூடாது என்பது அவளுக்குள் வெளியே வராமல் கிடந்த ஒரு சபதம்.

மூன்றாவது வளையம் மங்கிய செங்கல் நிறம். அது வெயிலில் தெளிந்துகொண்டிருந்தபோதே விழா நெருங்கிவிட்டது. மேலாளர் ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றார்.

“மேடம், இதுதானே அடி நிறம்? கொடுத்துடலாமே.”

“இன்னும் கொஞ்ச நாள் வெயில் படணும் சார். பாதியில நிக்குது.”

“பாதியோ முழுசோ, பார்க்க வர்றவங்களுக்கு சிகப்பு சிகப்புதான்.”

அவள் வாழ்நாளில் முதல்முறையாகப் பாதி தெளிந்த நிறத்துக்கு மாதிரி எடுத்தாள். பாதி தெளிந்த நிறத்தையும் அவளால் அரைகுறையாகக் கலக்க முடியவில்லை. அது எப்படி இருந்ததோ அப்படியே, அதன் பாதித்தன்மையோடும் சேர்த்து, துல்லியமாகக் கலந்தாள். ஆகவே அது பூசிய நாளின் நிறமாகவும் இல்லை, மறைந்த நாளின் நிறமாகவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்த ஒரு குறிப்பிட்ட நாளின் நிறமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் சைக்கிளை நிறுத்தும்போதே கூட்டம் சாக்குகளோடு வரிசையில் நின்றது. இருதயராஜ் வேகனின் பக்கவாட்டைச் சுத்தியலால் தட்டி, காது கொடுத்து, “நிறைஞ்ச சத்தம். கெட்டியா இருக்கு,” என்று அறிவித்தான். கதவிடுக்கில் பலாச்சுளையில் ஈ மொய்ப்பதுபோல் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. கீழே சரளைக்கல்மேல் சிந்தியிருந்ததைக் கஸ்தூரி விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “சீனி,” என்றாள். வரிசை ஒரு முறை குலுங்கி நீண்டது. இருதயராஜ் பிளேயரை எடுத்தான்.

அஞ்சுகம் இதற்கு முன் இரண்டு முறையும் கதவு திறந்த பிறகே வந்தவள். இன்றைக்குத்தான் கட்டு அறுபடாத தாழ்ப்பாளை அவள் கண்டாள். அதில் தொங்கிய கயிறு இடமிருந்து இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி அடியில் நுழைந்து, மேலே தட்டையாகப் படுத்திருந்தது. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் காலத்தில் இடக்கைப் பழக்கமுள்ள ஒரு கை அவளுடைய ரிப்பனை அப்படித்தான் கட்டிவிடும். மாலையில் அதை அவிழ்க்க முடியாமல் அம்மா கத்தரிக்கோலைத் தேடுவாள்.

“அறுக்காத,” என்றாள்.

“என்ன மேடம்?”

“கையை எடு, இருதயராஜ். இது அப்பா போட்ட சீல்.”

வரிசையில் இருந்தவர்கள் அதை முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சொல்ல, பின்னால் நின்றவர் தமக்குப் பின்னால் சொல்ல, கடைசியில் நின்ற டீக்கடைக் காதர் மைதீனை அது எட்டியபோது, எல்லோருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. எந்தச் சர்க்கரை என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர் இத்தனை ஆண்டுகளாக எந்த வண்டியைச் சொல்லிச் சிரித்ததோ அந்த வண்டி, நிறைந்து, முற்றத்தில் நின்றது. அதைக் காலி செய்வதற்கு ஊர் சாக்கோடு வரிசையில் நின்றது.

“அப்ப நாமதானா?” என்றார் காதர் மைதீன்.

அங்கமுத்துவை இருதயராஜ் தன் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். வேலை போன நாளுக்குப் பிறகு அவர் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. கூட்டம் விலகியது. அவர் வேகனின் அழகையோ நிறத்தையோ பார்க்கவில்லை. நேராகத் தாழ்ப்பாளுக்குப் போய், கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், ஈயத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“நல்லாத்தான் கட்டியிருக்கேன்,” என்றார்.

“ஆமாப்பா.”

“அப்புறம் ஏன் இன்னும் இங்க நிக்குது? வண்டியை அனுப்பச் சொல்லு.”

கஸ்தூரி முன்னால் வந்தாள். “மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவ திறந்து ஊருக்குக் காட்டிட்டா என்ன? உள்ள மூட்டை இருக்குன்னு எல்லாரும் கண்ணால பாத்துட்டா உங்க பேரு சுத்தமாயிரும்ல?”

“நீ இங்க அறுத்தா, அங்க போயிச் சேரும்போது கயிறு இருக்காதும்மா. அப்ப நான் சீலே வைக்கலன்னு ஆயிரும். காலி வண்டிக்குச் சீல் வச்சவன்னாவது இப்ப பேரு இருக்கு.” சொல்லிவிட்டு அவரே இலேசாகச் சிரித்தார். பிறகு, “உப்பு வண்டி சீலை அறுத்தீங்களே, அது எந்த ஊரு முத்திரைன்னு யாராச்சும் பாத்தீங்களா? அங்க எவன் தலையில விழுந்துச்சோ,” என்றார். இருதயராஜ் பிளேயரைச் சட்டைக்குள் மறைத்தான்.

அனுப்பும் வழியை அறியாதவர் அங்கே ஒருவரும் இல்லை: கதவில் வேறு நிறம் ஏறினால் சரக்கு தன் நாளுக்குத் திரும்பிவிடும். ஆயினும் ஊர் என்பது ஊர். தொழிற்சங்கச் செயலாளர், மேலாளர் முன்னிலையில்தான் அனுப்ப வேண்டும் என்றார். மேலாளர் வந்து, படம் எடுத்த பிறகு அனுப்பலாம் என்றார். படம் எடுப்பவர் வெயிலுக்கு எதிராக எடுக்க முடியாது, வண்டியைச் சற்றுத் தள்ள முடியுமா என்றார். சீல் வைத்த வண்டியைத் தள்ளக் கூடாது என்று நான்கு பேர் அவரைச் சண்டைக்கு இழுத்தார்கள். சூசைமாணிக்கம் மட்டும் எவரையும் கேளாமல், பக்கத்தில் இருந்த தார்க் கறுப்பு டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“மேடம், கையில கிடைச்சதைப் பூசிரட்டுமா? ஒரு இழுப்பு போதும்.”

அஞ்சுகம் அவருடைய கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். முப்பது ஆண்டுப் பழக்கம் அவளுடைய வாயால் பேசியது: “மாதிரி இல்லாம எதையும் பூசக் கூடாது, சூசை அண்ணே. அஞ்சு நிமிஷம். கலந்து எடுத்துட்டு வர்றேன்.”

அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அந்தச் செங்கல் நிறத்திலிருந்து எவ்வளவு விலகினால் அந்த நாளிலிருந்து விலகும், விலகி வேறொரு நாளின்மேல் போய் விழாமல் இருக்கும் என்பதை அவள் யோசித்தாள், கறுப்பை ஒரு சொட்டு விட்டாள், கூடிற்று, வெள்ளை ஈயம் ஒரு துளி சேர்த்தாள், டியூப் லைட்டை அணைத்தாள், வடக்கு ஜன்னலுக்குப் போனாள், தட்டை உலர்த்தினாள், ஈரத்தில் ஒன்றாகவும் உலர்ந்ததும் வேறாகவும் தெரிந்ததால் மறுபடி கலந்தாள். அந்த ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டது. நிறம் வந்துவிட்டது என்று அவளுக்கு நிச்சயமானபோது, உச்சிச் சங்கு ஊதியது.

டப்பாவோடு அவள் முற்றத்துக்கு வந்தபோது எல்லோரும் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தொடாமல், யாரும் அருகில் நில்லாமல், அந்தக் கயிறு பிளேயர் கடித்த சுத்தமான வெட்டோடு இரண்டாகி, ஈயச் சீல் சரளைக்கல்மேல் விழுந்து, சிறிய ஒரு சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் தானே தூக்கிக்கொண்டது. கதவு, மறுபுறத்தில் பலர் சேர்ந்து தள்ளுவதுபோல், முக்கி முனகி நகர்ந்தது.

“திறந்துட்டாங்க,” என்றார் அங்கமுத்து.

உள்ளே, தரையிலிருந்து கூரைவரை, வாய் தைத்த வெள்ளைச் சாக்குகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. தாழையூர் அவற்றைப் பார்த்தது. அங்கே, அதே பொழுதில், அதே கதவுக்கு முன்னால் நின்ற அதிகாரிகள் வெறும் தரைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், இங்கே சர்க்கரை இருப்பதனால்தான் அங்கே அது இல்லை என்பதும், ஒரு பிரஷ் இழுப்பு முன்னால் நடந்திருந்தால் அங்கமுத்து மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்திருப்பார் என்பதும் முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தன. அவருடைய பெயர் சுத்தமானதும் அவருடைய வேலை போனதும் ஒரே கதவு திறந்ததில் நடந்தன.

ஒரு பிடிகூட எடுக்காமல் ஊர் பின்வாங்கியது. சாக்குகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்கள். கஸ்தூரி, காலையில் நாக்கில் வைத்த அந்த நான்கைந்து மணிகளுக்காக, வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் டப்பாவிலிருந்து ஒரு கைச் சர்க்கரை கொண்டுவந்து வேகனின் வாசற்படியில் வைத்தாள். இருதயராஜ் கதவைச் சாத்தினான். அஞ்சுகம் பிரஷை வாங்கித் தானே பூசினாள், மேலிருந்து கீழாக, ஒரே சீராக, திட்டு விழாமல். கடைசி இழுப்பு முடிந்தபோது வேகன் ஒரு பெருமூச்சுவிட்டதுபோல் அதன் வில்பட்டைகள் மேலெழுந்தன. தட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே போகலாம் என்றார் அங்கமுத்து. பட்டறை வாசல் தாண்டி, டீக்கடை தாண்டி நடந்தார்கள்.

“நிறம் பாத்துக்கிட்டு இருந்தியா உள்ள?” என்றார்.

“ஆமாப்பா. சூசை அண்ணே அப்பவே பூசிரட்டுமான்னு கேட்டாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“சரியா வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்ன? அரைகுறையா செஞ்சிருந்தா எம்மக இல்லன்னு ஆயிருக்கும்.”

சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது அவர் சட்டென்று நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

“என்னப்பா?”

“எறும்பு,” என்றார், மூச்சு வாங்கியபடி. “எறும்பு ஏமாறலடி. மத்தியானத்துக்கு மேலதானே நீ பூசுன? மத்தியானத்துக்கு மேலதான் சர்க்கரை திரும்பிப் போயிருக்கு. அதுக்குள்ள அவனுங்க காலின்னு எழுதிப் பூட்டி ஓரத்துல தள்ளிட்டானுங்க. காலின்னு எழுதுன வண்டியை எவன் திறந்து பாப்பான்? முழு வண்டிச் சர்க்கரை, மழையில கரைஞ்சு கரைஞ்சு, எறும்பு மட்டும் தின்னுருக்கு.”

தரைப்பலகையின்மேல் இறுகிக் கிடந்த கறுப்புப் பிசின், தின்னரில் கரையாமல் வெந்நீரில் கரைந்தது அஞ்சுகத்தின் நினைவுக்கு வந்தது. தன் கையாலேயே அதைக் கழுவி வடிகாலில் விட்டிருக்கிறாள். அவளும் சிரித்தாள். அன்று மாலை காப்பியை ஆற்றும்போது, அவர் கேட்காமலேயே, ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள். அவர் குடித்துப் பார்த்து, பழக்கம் விட்டுப்போச்சு, தித்திக்குது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே மிச்சம் வைக்காமல் குடித்தார்.

உப்புக்கும் மிளகாய்க்கும் சீல் வைத்தவர்கள் யார் என்ற கேள்வி ஊரை அதன் பிறகு உறங்கவிடவில்லை. அறுத்தெறிந்த முத்திரைகளைச் சரளைக்கல்லைக் கிளறித் தேடி எடுத்தார்கள். இரண்டும் வேறு வேறு ஊர்களுடையவை. எடுத்ததைத் திருப்பி அனுப்புவது என்று தொழிற்சங்கம் ஒருமனதாக முடிவெடுத்தது; ஆனால், எடுத்த உப்பும் எடுத்த மிளகாயும் பெரும்பாலும் கஸ்தூரியின் ஜாடிகளுக்குள் ஒன்றாகி மாங்காயோடு சேர்ந்துவிட்டிருந்தன, அவற்றைப் பிரிக்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. ஆகவே அஞ்சுகம் சாம்பல் நிறத்தை ஒரு நாளும், காப்பிப்பொடி நிறத்தை ஒரு நாளும் மறுபடி கலந்து கொடுக்க, ஊர் தன்னிடம் எஞ்சியிருந்த உப்பையும் வற்றலையும் வைத்து, போதாத இடத்தை ஊறுகாய் ஜாடிகளால் நிரப்பியது. காத்திராமல், படம் எடுக்காமல், கையில் கிடைத்த நிறத்தைப் பூசி அனுப்பினார்கள். அந்த டப்பாவைச் சூசைமாணிக்கத்திடம் எடுத்துக் கொடுத்தவள் அஞ்சுகம். எங்கோ இரண்டு ஊர்களில், எப்போதோ இரண்டு நாட்களில், உப்பு வண்டியிலும் மிளகாய் வண்டியிலும் ஊறுகாய் வந்து இறங்கியதற்கு என்ன விளக்கம் எழுதினார்கள் என்பது தாழையூருக்குத் தெரியாது. ஜாடிகளைத் திருப்பி அனுப்பவில்லையே என்ற குறை மட்டும் கஸ்தூரிக்கு இருந்தது.

காலி வண்டிக்குச் சீல் என்ற பேச்சு ஊரில் அற்றுப்போகவில்லை. பேச்சு அப்படி எளிதில் அற்றுப்போவதில்லை. ஆனால் அதன் பொருள் திரும்பிக்கொண்டது. ஒருவர் சொன்னதைச் சொன்னபடி செய்து, அதற்கான பெயர் தமக்கு வராமலே போனால், அவரைக் காட்டி இப்போது ஊர் அப்படிச் சொல்லுகிறது.

விழா நாளில் வேகன் வாசல் மேடையில், மாலை சூட்டப்பட்டு, செங்கல் சிவப்பில் நின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் அதைச் சுற்றிவந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, முதன்முதலில் ஓடிய நாளின் அதே நிறம், இம்மியும் பிசகவில்லை என்று மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அஞ்சுகம் கூட்டத்தின் ஓரத்தில் தகப்பனாரோடு நின்றிருந்தாள். அந்த நிறத்தில் அவள் ஒரு சொட்டுப் பச்சையைச் சேர்த்திருந்தாள். எந்த வேகனின்மேலும், எந்த ஆண்டிலும், எந்த நாளிலும் இருந்திராத ஒரு சிவப்பு அது. ஆகையால் அதற்குள் எதுவும் வரப்போவதில்லை, அதிலிருந்து எதுவும் போகப்போவதும் இல்லை. கதவை ஊரார் எப்போதும் திறந்தே வைத்திருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பார்ப்பதுண்டு: ஒரு சாரை எறும்பு சக்கரத்தின்மேல் ஏறி, வெறும் தரைப்பலகையைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் இறங்கிப் போகும், ஒவ்வொன்றும் தன் தலையைவிடப் பெரிய ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் தள்ளாடியபடி.